பல்கேரியாப் பக்கம்

“வந்துச்சா?”

“இல்ல!” கடைசி மாடி ஜன்னல் வழியே தலையை நீட்டி ஸ்மராந்தா கத்தினாள். “இன்னும் கொஞ்சம் பல்கேரியாப் பக்கம் திருப்பு!”

அவள் கணவன் ஒவிடியூ, மொட்டை மாடியில் கணுக்கால் புதையும் பனியில் நின்று ஆன்டெனாக் குழாயைத் திருப்பினான். புக்கரெஸ்டில் அந்தத் தெரு ஆன்டெனா எல்லாம் தெற்கே பார்த்துத்தான் நிற்கும். உள்ளூர் டிவியில் ஓயாத மேடைப்பேச்சு. டானூப் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் பல்கேரியா டிவியிலோ, ஞாயிறு தவறாமல் பலூன் கேப்டனும் அவனுடைய ஒற்றைக்கண் நாயும் வருவார்கள். பொம்மைப் படம்தான், பாஷையும் யாருக்கும் புரியாது. அதனால் என்ன, ஆளுக்கொரு கதை கட்டிக்கொள்வார்கள்.

இன்று கடைசிப் பகுதி. புயலில் சிக்கிய நாய் பிழைக்குமா? பிழைக்கும் என்று ஆலையில் மேஜையைக் குத்திச் சொல்லியிருந்தான் ஒவிடியூ. இந்தக் குளிர்காலத்தில் ஒரு பகுதியைக்கூட அவன் தவறவிட்டதில்லை.

“இப்போ?”

“அப்படியே நில்லு! அசையாதே!”

“வந்துருச்சா?”

“ம்... இல்ல, இல்ல. கோடு கோடா ஓடுது. குழாயை விட்டுடாதே!”

காற்று காதைக் கிழித்தது. விரல்கள் மரத்துப்போக, கையை எடுத்து வாயருகே வைத்து ஊதினான். அவ்வளவுதான், கீழே அறை மொத்தமும் ‘ஐயோ’ என்றது.

“ஏன் கையை எடுத்தே? இப்பத்தான் ஏதோ நிழலாத் தெரிஞ்சுது. பிடி, மனுஷா, பிடி!”

“வராத டிவிக்கு நான் எதுக்கு இங்க கொடிக்கம்பமா நிக்கணும்? இறங்கி வரேன்!”

“அப்பா, அப்பா, இன்னும் கொஞ்ச நேரம்ப்பா!” மகள் இலின்காவின் குரல் கெஞ்சியது.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தான். சற்றைக்கெல்லாம் கீழே சிரிப்புச் சத்தம். பக்கத்து வீட்டு டோருவின் சிரிப்பு அது. அடுப்போரம் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தா இளிக்கிறான், தடியன்? ஒவிடியூவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை, பாவம்.

பிறகு ஜன்னலில் பேச்சே இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் ஸ்மராந்தா எட்டிப் பார்த்தாள்.

“வா, ஒவிடியூ. நேரம் முடிஞ்சுபோச்சு.”

குழாயை ஓர் உதை உதைத்துவிட்டு இறங்கினான். நன்றாக நாலு கேட்கலாம் என்றுதான் கதவைத் தள்ளினான்.

டிவியில் ஒரே புள்ளி மழை. எதிரே இலின்கா தேம்பிக்கொண்டிருந்தாள். டோருகூட சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். பார்த்ததும் ஒவிடியூவின் கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

“சரி, விடுங்க. இதுக்குப் போய் அழுவாங்களா? நாளைக்கு ஆலையில விசாரிச்சு, நாய் என்னாச்சுன்னு நானே வந்து சொல்றேன்.”

இலின்கா ஓடிவந்து அவனுடைய மரத்த கையைக் கட்டிக்கொண்டாள்.

“செத்துப்போச்சுப்பா!”

ஒவிடியூ மெல்ல மனைவி பக்கம் திரும்பினான். ஸ்மராந்தா சிவந்த கண்களைக் கீழே தாழ்த்தியபடி, சூடான தேநீர்க் கோப்பையை அவன் கையில் திணித்தாள்.

“வந்துருச்சுன்னு சொல்லியிருந்தா, நீ கையை எடுத்திருப்பியே!”