ஒரு கல்

ஈரக் குடைகள் மணக்கும் லண்டன் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடற்கரை கிடக்கிறது. அதன் மணலில், கற்கால மனிதர் தங்கள் இறந்தவர்களுக்காகப் பாறைகளை அடுக்கி எழுப்பிய புதைமேட்டின் சிறு மாதிரி; பக்கத்தில், அந்தப் பாறைகளின் பாதி உயரம்கூட இல்லாத மனிதப் பொம்மைகள். "அப்பா, இவ்வளவு பெரிய கல்லுகளை ஆர் இழுத்தது?" கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு மகள் சாருஜா கேட்கிறாள். "ஊரே சேர்ந்து இழுத்திருக்குது, பிள்ளை" என்கிறார் குகதாசன். சொன்ன வாய் கசக்கிறது. போர் முடிந்த இந்த வைகாசியில், வன்னிக் கடற்கரையில் ஷெல் விழ விழ அம்மாவைப் புதைத்த தங்கை அகதி முகாமிலிருந்து தொலைபேசியில் அழைத்தபோது, "அடையாளத்துக்கு ஒரு கல்லெண்டாலும் வைச்சிருக்கலாமே" என்று இங்கே சோபாவில் சாய்ந்துகொண்டு அவளைக் கடிந்தவர் அவர். "கையாலை மண்ணைத் தள்ளத்தான் அண்ணை ஏலுமாயிருந்தது" என்றாள் அவள். கண்ணாடியில் தெரியும் தன் முகத்தை அவர் உள்ளங்கையால் பொத்துகிறார். "கையை எடுங்கோ அப்பா" என்கிறாள் சாருஜா, "கல்லு தெரியேல்லை."