கோலத்தை மிதிக்காதவர்

தெருமுக்கில் இருந்த குப்பைத் தொட்டியை நகராட்சி எடுத்துவிட்டது. இனி வீட்டு வாசலுக்கே வண்டி வரும் என்றார்கள், வந்தது. ஆனாலும் தொட்டி இருந்த இடத்தில் பைகள் விழுந்தபடிதான் இருந்தன. வண்டியில் வரும் மரியபுஷ்பம் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் அந்த இடத்தைக் கழுவிப் பெரிய கோலமாகப் போட்டுவிட்டார்.

அந்தப் பைகளைக் கிளறித் தின்னும் தெருநாய் கோலத்தை முகர்ந்து பார்த்தது. "போச்சு! இனிமே நம்ம சோத்துல மண்ணுதான்."

"கொஞ்சம் பொறு," என்றது காகம்.

எதிர்வீட்டுக்காரர் பையோடு வந்தார். கோலத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். மிதிக்காமல் சுற்றிப் போய், பையைக் கோலத்துக்குப் பக்கத்தில் பூப்போல வைத்துவிட்டுப் போனார்.

"என்ன மரியாதை பாரு!" என்றது காகம், பையைக் கொத்திக்கொண்டே.

மறுநாள் மரியபுஷ்பம் கோலத்தைப் பெரிதாக்கினார். பை சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. கோலம் வளர வளரப் பையும் நகர்ந்தது. கடைசியில் ஒரு காலை, கோலம் எதிர்வீட்டு கேட்டையே தொட்டுவிட்டது.

பையோடு வந்தவர் தூக்கிய காலை வைக்க இடமில்லாமல் நின்றார். "என்னம்மா இது, என் வாசல்ல?"

"கோலத்து மேலதான் நீங்க போடமாட்டீங்களே சார்." மரியபுஷ்பம் கையை நீட்டினார். "கொடுங்க."

கொடுத்தார்.

"முடிஞ்சுது நம்ம பொழப்பு," என்றது நாய்.

வண்டியை ஓரங்கட்டிய மரியபுஷ்பம் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஒரு இட்லியைப் பிட்டு, தெருவோரமாக வைத்து, "வாங்கடா," என்றார்.

காகம் பறந்து போனது. நாய், அவ்வளவு பசியிலும், கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனது.