உமக்கு ஏன் பாரம்

கயிறு அவனுடைய பையில் இருந்தது.

அவன் பனியாற்றின் வெடிப்புக்குள் விழுந்து கிடந்தான்.

அவள் மேலே, விளிம்புக்குச் சற்றுத் தள்ளி, பனியில் குப்புறப் படுத்திருந்தாள். எழுந்து நின்றால் அந்த இடமும் இடியலாம்.

"சுகிர்தா! கால் திரும்பிப்போச்சு. எழும்ப ஏலாமக் கிடக்கு."

உயிரோடு இருக்கிறான். அப்பாடா.

அதற்குப் பிறகு அவளுக்குக் கோபம்தான் வந்தது. பயம் அதற்கும் பிறகுதான்.

மே மாதக் கடைசி. இரவில் கல்லாக இறுகும் பனி, வெயில் ஏற ஏறக் கூழாகிவிடும். பனியாற்றின் வெடிப்புகளை மூடிக் கிடக்கிற பனியும் அப்படித்தான். வெள்ளென, வெயில் ஏறுமுன், இறங்கிவிட வேண்டும். அவள் சொன்னாள். அவன் சிகரத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். முகம் சரியாக விழவில்லையென்று திரும்பத் திரும்ப எடுத்தான்.

இன்னொன்றும் சொன்னாள்.

"கயிறை என்னட்டத் தாங்கோ. இறங்கேக்க பின்னால வாற ஆளிட்டத்தான் கயிறு இருக்கோணும்."

பச்சைப்பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. முன்னால் போகிறவன் விழுந்தால், பின்னால் வருகிறவள் கயிற்றை இறக்க வேண்டும். கயிறும் அவனோடு சேர்ந்து விழுந்தால் எதை இறக்குவது? சேலைத் தலைப்பையா?

அவள் சுவிஸில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடக் காலத்திலேயே ஸ்கீ கட்டிப் பனியில் சறுக்கியவள், பனியாற்றுப் பயிற்சிக்கும் போனவள். அவன் வளர்ந்த பிறகு இந்த நாட்டுக்கு வந்தவன். ஸ்கீ பழகி ஆறேழு வருடம்தான் இருக்கும். அதனால் என்ன, அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டா?

அவன் சிரித்தான்.

"உமக்கு ஏன் பாரம்? பேசாம என்ர தடத்தில வாரும்."

கலியாண வீடுகளில் ஆட்கள் சொல்வார்கள். பகீரதன் தங்கமான பெடியன், பெண்சாதியைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறான்.

உண்மைதான். கார்ச் சாவி உமக்கு ஏன் பாரம். வங்கி அட்டை உமக்கு ஏன் பாரம். அவளுடைய கடவுச்சீட்டுக்கூட அவனுடைய மேசை லாச்சியில்தான் பத்திரமாகக் கிடக்கிறது.

கெடுகுடி சொற்கேளாது. ஊருக்குச் சொல்ல நல்ல பழமொழி. அந்தக் குடியில் தானும் ஒருத்தி என்னும்போதுதான் கசக்கிறது.

கைபேசியை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இல்லை. வந்த வழியே மேட்டுக்கு ஏறினால் கிடைக்கும்.

பின்னால் ஊர்ந்து போய், கெட்டியான இடத்தில் எழுந்தாள். ஸ்கீயின் அடியில், ஏற்றத்தில் வழுக்காமல் இருக்க ஒட்டுகிற பட்டியை மறுபடி ஒட்டினாள். வருகிறவர்களுக்கு இடம் தெரிய வேண்டுமே. ஊன்றுகோல் ஒன்றைப் பனியில் குத்தி, அதில் கழுத்துத்துணியைக் கட்டிவிட்டாள்.

சத்தம் கீழே கேட்டிருக்கிறது.

"என்ன செய்யிறீர்?"

"ஆக்களைக் கூப்பிடப் போறன். மேல சிக்னல் இருக்கு."

"போகாதையும். உமக்கு வழி தெரியாது. நான் கயிறை எறியிறன், பிடியும்."

எறிந்தான். பாதி உயரம்கூட வரவில்லை.

மறுபடி எறிந்தான். கயிறு அவனுடைய தலையிலேயே விழுந்திருக்க வேண்டும். முனகினான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்படியொரு நேரத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வருமா? வந்தது.

"இஞ்சருங்கோ, பையில இருக்கிற மற்ற ஜக்கெற்றையும் போடுங்கோ. நித்திரை கொள்ளாதேங்கோ. கெதியா வந்திடுவன்."

"அடியேய்! என்னை விட்டிட்டு எங்கயடி போறாய்? உனக்கு என்னடி தெரியும்?"

'நீர்' போய்விட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் வருகிற 'நீ' வந்துவிட்டது. இங்கேயும் கதவு சாத்தித்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

அவள் ஏறத் தொடங்கினாள்.

கூழ்ப்பனியில் கால் புதைந்தது. மூச்சு வாங்கியது. அவனுடைய குரல் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. முதலில் அதட்டியது. பிறகு கெஞ்சியது. பிறகு காற்று மட்டும்தான்.

எத்தனை வருடம் அந்தக் குரல் ஓய்ந்தால் போதும் என்று நினைத்திருக்கிறாள். ஓய்ந்தபோது நின்று திரும்பிப் பார்த்தாள். இன்னும் வேகமாக ஏறினாள்.

மேட்டில் சிக்னல் கிடைத்தது.

மீட்பு நிலையத்தில் ஒரு பெண் எடுத்தாள். நிதானமான குரல். எந்த இடம், எவ்வளவு ஆழம், என்ன காயம், பேசுகிறாரா. சுகிர்தா ஜெர்மன் மொழியில் ஒன்றையும் விடாமல் சொன்னாள். தன் குரல் நடுங்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஹெலிகொப்டர் இப்போதே புறப்படுகிறது, பயப்பட வேண்டாம் என்றாள் அந்தப் பெண். சரியான நேரத்தில் கூப்பிட்டீர்கள், சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்றும் சொன்னாள்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அப்படி யாரும் அவளுக்குச் சொல்லி நெடுநாளாயிற்று.

"விழுந்தவரின் பெயர்?"

எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"உங்களுக்கு அவர் என்ன உறவு?"

வெயில் கண்ணைக் குத்தியது. கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹலோ? கேட்கிறதா? அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"தெரிந்தவர்" என்றாள்.

மறுமுனையில் அந்தப் பெண் அதைத் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.