பிழையில்லாத அறிவித்தல்

டீற்றர் அத்தான் ஜெர்மன் பத்திரிகையொன்றில் நாற்பது வருடம் நாடக விமர்சனம் எழுதியவர். என் அக்காவைக் கட்டி லண்டனுக்கு வந்தார், தமிழ் படித்தார், வால்தம்ஸ்டோ மண்டபத்தில் நான் போட்ட பதினொரு நாடகங்களையும் தமிழிலேயே கிழித்தார். அவர் வாயால் ஒரேயொரு "நல்லது" கேட்கவேண்டுமென்பது என் இருபது வருட ஆசை.

கடைசியில் அவருடைய மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. 'ஹம்பேர்க்கைப் பிறப்பிடமாகவும் வால்தம்ஸ்டோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா வாசித்துவிட்டு மூக்கை உறிஞ்சினா.

"நல்லாயிருக்கு தம்பி. ஆனா நான் சொல்லி என்ன? அவரெல்லோ சொல்லவேணும்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சிவப்புப் பேனையோடு அத்தான் இறங்கி வந்தார்.

"செத்தாப்பிறகு பிழை திருத்த ஏலாது, மச்சான். கொண்டாரும் பாப்பம்."

மூன்று தரம் வாசித்தார். பேனை மூடியைத் திறக்கவேயில்லை.

"நல்லது," என்றார்.

சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. "அப்ப எப்ப போடுவம், அத்தான்?" என்று கேட்டுவிட்டேன்.

"கொஞ்சம் பொறும். உம்மட பன்னிரண்டாவது நாடகத்தையும் கிழிச்சுப்போட்டுப் போறன்."