ஹாலர்

"மலைக்காட்டு ஜனங்க பள்ளத்தாக்கைத்தான் 'ஹாலர்'னு சொல்லும். நமக்கு ஹாலர்னா கத்துறது. அதுங்களுக்கு அதுலதான் குடித்தனமே!"

ஷெல்பி சொன்னதும் அந்த அவசர உதவி ஃபோன் அறையே சிரித்தது. கென்டக்கிக்குப் புதிதாக வந்திருந்த கிராண்ட்டுக்கு அவள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மலைக்காரர்களைப் போல மூக்கால் இழுத்துப் பேசிக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

ஃபோன் அடித்தது. கிராண்ட் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு ஹாலர்ல கெடக்காரு. டிராக்டரு கவுந்து காலு மாட்டிக்கிச்சு." வயதான பெண்குரல்.

"கத்துறாரா?" கிராண்ட் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"கத்தலியே சாமி! பேச்சே இல்ல. ஹாலர்ல கெடக்காரு."

"கத்தலைங்கிற, ஹாலர்ங்கிற. ஏதாவது ஒண்ணு சொல்லும்மா. தெருப் பேரு என்ன?"

"தெருவா? இங்க ஏது தெரு?"

மறுபடியும் சிரிப்பு. ஷெல்பி மட்டும் சிரிக்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் டிரைவரை வயர்லெஸ்ஸில் பிடித்தாள்.

"எரிஞ்சுபோன மில்லைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்க. ரெண்டாவது பாலம் வண்டியைத் தாங்காது, ஓடையில இறங்கிப் போங்க."

"மேப்புல அந்த இடமே வெறும் பச்சையாத்தானே இருக்கு?" என்றான் கிராண்ட்.

"உன் வேலையைப் பாரு."

பிறகு ஃபோனில், சுத்தமான நகரத்துப் பேச்சில் சொன்னாள். "மேடம், வண்டி வந்துட்டிருக்கு. அவரை அசைக்காதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க."

இருபது நிமிஷம் அவள் லைனை விடவில்லை. கடைசியில் டிரைவரின் குரல் வந்தது. "ஆளை வெளியே எடுத்துட்டோம். பிழைச்சுக்குவார்."

ஸ்பீக்கரில் அந்தப் பெண் விசும்பினாள். "நீ நல்லாயிருப்பே தாயி. டவுன்காரியா இருந்தும் மரியாதையாப் பேசின. ஒரே ஒரு உபகாரம் பண்ணுவியா?"

"சொல்லுங்க மேடம்."

"அங்க ஷெல்பின்னு ஒருத்தி வேலை பாக்கா. நாங்க கூப்பிட்டது அவளுக்குத் தெரிய வேணாம், தாயி. பெத்தவங்க மானத்தை வாங்கிட்டாங்கன்னு கோவிச்சுக்குவா."