கரையடி அம்மன்

பொறியாளர் தணிகைமணி செருப்பைக் கழற்றியபோதே கல்பனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏரிக்கரை பத்திரமாக இருக்கிறதா என்று சோதிக்க வந்த மனுஷன். கரையின் அடியில் மண்ணைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் வருகிறது. அதற்கு முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.

ஆடி மாதம் அது கசிய ஆரம்பித்தபோது தெளிந்த தண்ணீர்தான். ஏரியில் படகு விடக் குத்தகை எடுத்திருக்கும் சுதாகர் மறுநாளே அங்கே ஒரு கல்லை நட்டான். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, கங்கையம்மன் ஊற்று என்று சொல்லிவிட்டான். ஊர் கும்பிட்டது. கல்பனாவும் கும்பிட்டாள். கூழ்கூட ஊற்றினாள்.

இன்று காலை தண்ணீர் மஞ்சளாக வந்தது.

அம்மன் மஞ்சள் குளிக்கிறாள் என்று மைக்கில் சொன்னார்கள். பள்ளிப்பட்டிலிருந்தெல்லாம் ஆட்டோவில் வந்து குடம் பிடித்தார்கள். கல்பனாவும் ஒரு சொம்பில் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. அடியில் விரல் தடிமனுக்கு மண்.

மஞ்சளாம், மஞ்சள். கரை அல்லவா கரைந்து வந்துகொண்டிருக்கிறது!

அவள் வீடு கரைக்கு நேர் கீழே. உள்ளே கட்டிலில் அவள் புருஷன் அரசு. கே.ஜி.கண்டிகையில் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறவன். கரை உடைந்தால் தெரு ஜனம் எழுந்து ஓடிவிடும். அவனை இழுத்துக்கொண்டு அவளால் வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாது.

அந்தச் சொம்பை அப்படியே எடுத்துக்கொண்டுதான் ஓடி வந்திருந்தாள்.

“சார், கரையோட மண்ணு வந்துகினு இருக்குது, பாருங்க. கலங்கல்ல அடைச்சு வெச்சிருக்கிற பலகைய எடுக்கச் சொல்லுங்க சார். தண்ணி எறங்கட்டும்.”

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகத்தான் அந்தக் காலத்தில் கலங்கல் கட்டினார்கள். சுதாகர் அதன்மேல் பலகையை நிறுத்தி, மணல் மூட்டை அடுக்கி அடைத்துவிட்டான். மதகுக்கும் பூட்டுப் போட்டாயிற்று. தண்ணீர் குறைந்தால் அவனுடைய அன்னப் படகு சேற்றில் உட்கார்ந்துவிடுமே! மலைக்கோயிலில் மொட்டை போட்டுவிட்டு, தலையில் சந்தனம் காய்வதற்குள் படகேற வருகிற கூட்டம் ஏமாந்துவிடக் கூடாதே! அதற்காக ஒரு தெருவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

தணிகைமணி சொம்பை வாங்கினார். தண்ணீரைச் சாய்த்துவிட்டு, அடியில் இருந்த மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

“சாமி விஷயம்மா. இதுல நாங்க கை வைக்க முடியாது.”

சுதாகர் சிரித்துக்கொண்டே அவருக்கு மாலை போட்டான். அவரும் கழுத்தை நீட்டினார்.

மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக் கிடந்தது. அம்மனைப் பழித்தால் நாக்கு அழுகிவிடும் என்று யாரோ ஒருத்தி கல்பனாவைப் பிடித்துத் தள்ளினாள். இவர்கள் காலில் விழுந்தும் பார்த்தாயிற்று, கத்தியும் பார்த்தாயிற்று. இந்த ஊரில் அவள் பேச்சுக்கு ஒரு மயிரளவு மதிப்பு கிடையாது. அந்தக் கல்லுக்கு இருக்கிறது.

கல்பனா சொம்பில் மறுபடியும் மஞ்சள் தண்ணீரைப் பிடித்தாள். தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

கொண்டை அவிழ்ந்தது. இல்லை, அவள்தான் அவிழ்த்தாள்.

“எவன்டா என் வழிய அடைச்சவன்? என்னக் கட்டிப்போட்டுட்டு மேல படகா உடுறீங்க? எடுங்கடா பலகைய!”

பம்பைக்காரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். பெண்கள் குலவையிட்டார்கள். தள்ளிய கையே இப்போது அவள் நெற்றியில் குங்குமம் அப்பியது.

சுதாகரின் முகம் வெளுத்துப்போனது. அவன் நட்ட கல். அவன் வைத்த பெயர். மாட்டேன் என்று சொல்லவா முடியும்? அதற்குள் பத்துப் பதினைந்து பேர் கலங்கலுக்கு ஓடி மூட்டைகளைப் புரட்டித் தள்ளினார்கள். பலகைகள் பிடுங்கிக்கொண்டு வந்தன. தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

கல்பனா கண்ணை மூடிக்கொண்டு ஆடினாள். காது மட்டும் அந்த இரைச்சலிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தலையைச் சுழற்றினாள்.

கற்பூரத் தட்டோடு யாரோ கிட்டே வந்தார்கள். தணிகைமணி. கழுத்தில் மாலையோடு, பயபக்தியாகக் குனிந்து, அவள் முகத்துக்கு நேரே தட்டைச் சுற்றினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அவர் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

“அது பத்தாதும்மா. மதகையும் தொறக்கச் சொல்லு. இல்லன்னா இன்னிக்கு ராத்திரி தாங்காது.”

கல்பனா கண்ணைத் திறந்தாள்.

தட்டைப் பிடித்திருந்த அவர் விரலில் அந்த மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு கையாலும் அவர் கழுத்து மாலையைக் கொத்தாகப் பிடித்தாள். தட்டு உருண்டு போனது. “நீயே போய்த் தொறடா!” என்று அவள் போட்ட சத்தத்தில் பம்பை நின்றுவிட்டது.

அதுவரை ஆடியதுதான் நடிப்பு.