வியாழன் பிற்பகல்

மூன்று மணி பத்துக்கு, லண்டன் பொண்ட் ஸ்ட்ரீட் நிலையத்தின் எஸ்கலேட்டரில், நகுலேஸ்வரியின் கோட்டுப் பொத்தான் அறுந்து விழுந்தது.

கணவர் பாலேந்திரா குனிந்து தேடினார். அதற்குள் படி மேலே கொண்டுவந்து விட்டுவிட்டது.

"கொடியில பின் கிடக்கும்தானே. எடுத்துக் குத்தும்."

அவள் தாலிக்கொடியை வெளியே இழுத்தாள். அதில் எப்போதும் இரண்டு சேஃப்டி பின்கள் தொங்கும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரியதைக் கழற்றிக் கோட்டில் குத்தினாள்.

கோட்டில் பின் குத்திக்கொண்டு ஓவியக் கண்காட்சிக்குப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. கண்காட்சிக்குப் போவதே பிடிக்கவில்லை.

அழைப்பு பிரெஞ்சில் வந்திருந்தது. ஓவியர் ஒர்தான்ஸ் பெலியாரின் வீட்டில் கடைசியாக வேலை செய்தவர் என்ற முறையில் அவளை அழைத்திருந்தார்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களை உடைப்பவர் பாலேந்திரா. அதை அவர் ஆர்ச்வே கோயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். இல்ஃபோர்டில் பக்கத்து வீட்டுக்கும் காட்டினார்.

"எங்கட கிழவி லண்டனுக்கு வந்திட்டுது," என்றார்.

மதாம் பெலியார் இறந்து எட்டு வருடமாகியிருந்தது.

கண்காட்சியின் முதல் அறைச் சுவரில் மதாமின் வாழ்க்கை பத்து வரியில் இருந்தது. 1909இல் பிரான்சில், ஓரியாக் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். தகப்பன் குடை செய்தவர். பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் சித்திரம் படிப்பித்தார். பாரிஸில் ஒன்பது நாள் இருந்தார். அங்கே ஒரு விமர்சகர் அவருடைய படங்களைப் பற்றி இரண்டு வரி எழுதினார். இரண்டாவது வரி நல்லதல்ல. திரும்பி வந்து, அடுத்த அறுபது வருடம் அதே யன்னலருகில் இருந்து வரைந்தார். எண்பது வயதில் கண்டுபிடிக்கப்பட்டார்.

"அதுவரைக்கும் எங்க துலைஞ்சு போய் நிண்டவவாம்?" என்றார் பாலேந்திரா.

அப்டன் பார்க்கில் ஒரு நகைக்கடையில் அறுந்த சங்கிலிகளை ஒட்டுவது அவருடைய வேலை. படங்களையும் அப்படித்தான் பார்த்தார், மிகக் கிட்டப் போய், சட்டத்தின் மூலைப் பொருத்திலிருந்து தொடங்கி. காவலாளி இரண்டு தடவை தரையில் போட்டிருந்த கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்.

நகுலேஸ்வரி அடுத்த அறையின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதாமின் கடைசிப் படங்கள் அங்கே இருந்தன.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் பதினொரு வியாழக்கிழமை. தரை துடைக்கிறாயா, படத்துக்கு இருக்கிறாயா என்று மதாம் கேட்டார். அவளுக்கு முழங்கால் நோவு. இருக்கிறேன் என்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மதாம் கழற்றச் சொன்னது சட்டையை மட்டும்தான். அறையில் விறகு அடுப்பு எரிந்தது. இரண்டு மணி நேரம் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது அவர்களும் ஓரியாக்கில்தான் இருந்தார்கள்; பாலேந்திரா உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். இரவு கேட்டால், யன்னல் துடைத்தேன் என்பாள். அந்த வீட்டில் யன்னல்கள் நிறைய.

அவர் கை நீட்டுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் பேசமாட்டார். அவருக்குச் சொல்லாமல் அவள் தங்கைக்கு எழுதிய ஒரு கடிதத்துக்காக ஒரு முறை பதினான்கு மாதம் பேசவில்லை. ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள்.

அவர் அடுத்த அறைக்குள் போனார். அவளும் போனாள்.

முடிந்த படத்தை அவள் பார்த்ததே இல்லை. மதாம் அதை எப்போதும் சுவருக்குத் திருப்பி வைத்திருப்பார். இப்போது தனிச் சுவர் ஒன்றில் தொங்கியது. மூன்று நீலப் பரப்புகள். சதுரமாக ஒரு தோள். தலை இல்லை.

பாலேந்திரா பக்கவாட்டில் தலையைச் சாய்த்தார்.

"இதென்ன, அலுமாரியே?"

கீழே இருந்த குறிப்பை எழுத்துக்கூட்டி வாசித்தார். 'வியாழன் பிற்பகல்', 1996.

"மனிசியாம். முதுகாம். வியாழக்கிழமையில நீர்தானே அங்க நிண்டனீர்? இவவைக் கண்டிருப்பீரே?"

"அங்க எத்தினையோ சனம் வரும்."

"பாவம். கொஞ்சம் வடிவாக் கீறியிருக்கலாம்."

நகுலேஸ்வரி பத்து வருடத்தில் முதல் தடவையாக மதாமின் கலையை மெச்சினாள். அந்த முதுகை அவளாலேயே அடையாளம் காண முடியவில்லை.

அவள் அடுத்த படத்துக்கு நகர்ந்தாள். ஒரு வாளி. அவளுடைய வாளிதான், பச்சையாக இருந்தது. வெளியே போய்த் தேநீர் குடிக்கலாம் என்று நினைத்தாள். கூப்பிடத் திரும்பினாள்.

பாலேந்திரா அந்த முதுகுப் படத்தை விட்டு நகரவில்லை. கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்திருந்தார்.

படத்தின் வலது ஓரத்தில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை அவள் மறந்தே போயிருந்தாள். அதன் முதுகில் மஞ்சள் கீற்று ஒன்று மடிந்து தொங்கியது. பெலியார் தன் வாழ்நாளில் மஞ்சளைத் தொட்டது இந்த ஓர் இடத்தில்தான், காரணம் தெரியவில்லை என்றது குறிப்பு. கீற்றின் அடியில் இரண்டு சாம்பல் நிறக் கீறல்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

ஓரியாக்கில் இருந்த தமிழ்க் குடும்பம் அவர்களுடையது ஒன்றுதான்.

காவலாளி வந்து மூன்றாவது தடவை சொன்னார். பாலேந்திரா ஓர் அடி பின்னால் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தார். பிறகு அவளுடைய கோட்டில் குத்தியிருந்த பின்னைப் பார்த்தார்.

"உம்மட கொடியை ஆர் கழட்டச் சொன்னது?"